4.6ஐ ஆயுளால் வகுத்தால்

ஊர் தூங்கும் நேரத்தில்தான் ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியும். நள்ளிரவு தாண்டியதும் மொத்த வியாபாரம் சூடுபிடிக்கும். இந்தோனேசியாவிலிருந்து படகிலும் மலேசியாவிலிருந்து லாரியிலும் வந்த மீன், ஐஸ் பெட்டிகளில் கைமாறி, பொழுது புலர்வதற்குள் தேக்கா ஈரச்சந்தை வரை போய்ச் சேர்ந்துவிடும். பெட்டியிலிருந்து ஒரு கானாங்கெளுத்தியை எடுத்து விலை என்ன, எந்தக் கடல் என்று கேட்டால் வியாபாரி தயங்காமல் சொல்வார். வயது என்ன என்று கேட்டால் சிரிப்பார்.

மீன்வள விஞ்ஞானிக்கோ அந்தக் கேள்விதான் பிழைப்பு. வயது தெரிந்தால்தான் ஓர் இனம் எத்தனை வேகத்தில் வளர்கிறது, எத்தனை வேகத்தில் சாகிறது, வலை எவ்வளவு அள்ளினால் தாங்கும் என்று கணக்குப் போட முடியும்.

குளிர்நாட்டுக் கடல்களில் இதற்கு வழி உண்டு. மீனின் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை மெல்லியதாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தைப் போல ஆண்டு வளையங்கள் தெரியும். குளிர்காலத்தில் வளர்ச்சி மந்தமாகி ஒரு கோடு விழுகிறது. நம் பக்கத்துக் கடலில் குளிர்காலம் ஏது? ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பம். கோடுகள் பல இனங்களில் குழம்பிக் கிடக்கும்.

அதனால் வெப்பக்கடல் ஆய்வாளர்கள் அளவுகோலை எடுத்தார்கள். மாதாமாதம் பிடிபடும் மீன்களின் நீளத்தை நூற்றுக்கணக்கில் அளந்து, எந்த நீளத்தில் கூட்டம் அதிகம் என்று பார்ப்பது. இந்த மாதம் 8 செ.மீ.யில் இருந்த குவியல் அடுத்த மாதம் 9க்கு நகர்ந்தால், அதுவே வளர்ச்சி. டென்மார்க்கின் பீட்டர்சன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய முறை இது. சிங்கப்பூரில் தாம் ஆ கவ், சிங்கப்பூர் நீரிணையின் நெத்திலிகள் எப்படி வளர்கின்றன என்று ஆராய்ந்து 1967இல் கட்டுரை வெளியிட்டார். நாசி லெமாக்கில் கிடக்கும் அந்த இக்கான் பிலிஸைப் பற்றி ஒருவர் இத்தனை சிரத்தையாக உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

வளர்ச்சி கிடைத்தாயிற்று. சாவு? வலையில் மாட்டாமல் நோயாலும் பெரிய மீனின் வாயாலும் கடலுக்குள்ளேயே போகும் உயிர்களை யார் எண்ணுவது? 1980இல் டேனியல் பாலி என்ற மீன்வள விஞ்ஞானி 175 மீன் தொகுதிகளின் விவரங்களைத் திரட்டி ஒரு சூத்திரம் தந்தார். வளர்ச்சி வேகம், அதிகபட்ச நீளம், நீரின் வெப்பம் ஆகிய மூன்றையும் கொடுத்தால் இயற்கைச் சாவின் வேகம் வரும். மீன்வளத் துறையிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்றாக அது ஆனது.

தமிழ்நாட்டின் மண்டபம் ஊரில் நெடுங்காலம் இருந்து 1971இல் கொச்சிக்குத் தலைமையகத்தை மாற்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில், கே. அழகராஜா 1984இல் இன்னும் எளிய வழி ஒன்றைச் சொன்னார். வலையே வீசாத கடலில், ஓர் இனம் தன் முழு ஆயுளை எட்டும்போது நூற்றுக்கு ஒன்றுதான் மிஞ்சும் என்று கொள்வோம். அப்படியானால் 4.6ஐ ஆயுளால் வகுத்தால் போதும். ஆயுள் 4 ஆண்டு என்றால் இயற்கைச் சாவின் வேகம் ஆண்டுக்கு 1.15. அதாவது ஒரே நாளில் பிறந்த 100 மீனில் ஓராண்டு கழித்து 32, பிறகு 10, பிறகு 3, கடைசியில் 1. வலையைக் குறை சொல்வதற்கு முன்பே கடல் இத்தனையையும் தின்றுவிடுகிறது. அமெரிக்காவின் ஜான் ஹோனிக் அதற்கு முந்தைய ஆண்டே தரவுகளிலிருந்து ஆயுள் வழிச் சூத்திரம் ஒன்றை எடுத்திருந்தார்.

இப்படிக் கட்டுரைகள் பெறும் மேற்கோள்களை எண்ணி ஒரு விஞ்ஞானியின் எடையைப் போட இன்று எச்-குறியீடு என்றொரு தராசு இருக்கிறது. 2005இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் தந்தது. தலா 20 முறையாவது மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 20 இருந்தால் குறியீடு 20. பதவி உயர்வுக் குழுக்களுக்கு வசதியான எண். ஆனால் ஒரு சூத்திரம் சரியா என்று அது சொல்லாது. பலர் எடுத்தாண்டார்கள் என்று மட்டுமே சொல்லும்.

சரியா என்று பார்க்கும் வேலையை எமி தென், ஹோனிக் உள்ளிட்ட குழு 2015இல் செய்தது. தென் இன்று கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர். 200க்கும் மேற்பட்ட இனங்களை வைத்துச் சூத்திரங்களைச் சோதித்தார்கள். சோதிக்கப்பட்டவற்றில் ஹோனிக்கின் பழைய கணக்கும் உண்டு, அதையும் திருத்தினார்கள். பாலியின் சூத்திரத்தில் எல்லோரையும் கவர்ந்த வெப்பம் என்ற உறுப்பு அவசியமில்லை, நீக்கிவிடலாம் என்றார்கள். ஆயுள் தெரிந்த மீனுக்கு ஆயுள் வழிக் கணக்கையே முதலில் எடுங்கள், மற்றவை அதற்குப் பிறகுதான் என்பது அவர்கள் தீர்ப்பு.