கணக்கு மென்பொருளுக்குள் ஒரு வழங்கி

உலாவி அனுப்பும் கோரிக்கையைப் பெற்று, அதற்குரிய பக்கத்தையோ தகவலையோ எடுத்துக் கொடுக்கும் மென்பொருளே இணைய வழங்கி, அதாவது வெப் சர்வர், எனப்படுகிறது. சர்வர் என்றதும் குளிரூட்டிய அறைகளில் அடுக்கிய கணினிகளே நினைவுக்கு வந்தாலும், அடிப்படையில் அதன் வேலை எளியது: குறிப்பிட்ட ஓர் எண்ணில் காத்திருந்து, வரும் கேள்வியைப் படித்து, எச்டிடிபி என்னும் பொது விதிமுறைப்படி விடை தருவது. இதை மட்டும் செய்யும் சிறு நிரலை வேறொரு மென்பொருளுக்குள்ளேயே சேர்த்துக் கட்டிவிட்டால், அது உட்பொதி வழங்கி ஆகிறது. அதற்குத் தனிக் கணினி தேவையில்லை. தாய் மென்பொருளைத் திறக்கும்போது அதுவும் விழித்துக்கொள்கிறது, மூடினால் அதுவும் நின்றுவிடுகிறது.

திண்டிவனத்து நெல் மண்டிக்கும் விழுப்புரத்து ஆடிட்டர் அலுவலகத்துக்கும் பழக்கமான டேலி இதற்கு நல்ல சான்று. 1986இல் தொடங்கப்பட்டு பெங்களூருவிலிருந்து இயங்கும் நிறுவனத்தின் இக்கணக்கு மென்பொருளில், அதையே வழங்கியாகச் செயல்படச் செய்யும் அமைப்பு உண்டு. அதற்கு வழக்கமாகத் தரப்படும் போர்ட் எண் 9000. ஒரே கணினியில் பல மென்பொருள்கள் காத்திருக்கும்போது, வரும் செய்தி எதற்குரியது என்று பிரித்துக் காட்டும் கதவு எண்ணே போர்ட். அமைப்பை இயக்கிவிட்டு, அதே கணினியின் உலாவியில், அக்கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்பதோடு அந்த எண்ணைச் சேர்த்துத் தட்டினால், டேலி சர்வர் இயங்குகிறது என்னும் பொருளில் ஓர் ஆங்கில வரி மட்டும் தோன்றும்.

அந்த ஒற்றை வரிக்குப் பின்னே இருப்பது பெரிய வசதி. வானூர் வட்டத்துத் திருவக்கரைப் பக்கம் உள்ளவை போன்ற கல்குவாரிகளில், எடைமேடையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு லாரிக்கும் பில் போட்டு, மாலையில் அதே விவரத்தைக் கணக்கில் மீண்டும் தட்டச்சு செய்வது இரட்டை வேலை. எடைமேடை மென்பொருள் அந்த விவரத்தை எக்ஸ்எம்எல் என்னும் குறியிட்ட வடிவில் 9000க்கு அனுப்புமாறு அமைத்தால், டேலி அதைப் பதிந்துகொண்டு, எத்தனை பதிவுகள் உருவாயின, எத்தனை பிழையாயின என்ற எண்ணிக்கையை விடையாகத் தரும். எந்த மொழியில் எழுதிய நிரலும் எச்டிடிபியில் பேச முடியும் என்பதால், இருபுறமும் ஒரே நிறுவனத்தின் மென்பொருளாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் டேலி மூடிக்கிடந்தால் பதில் வராது.

வைஃபை ரூட்டரின் கடவுச்சொல்லை மாற்றத் திறக்கும் பக்கத்தைத் தருவதும் ரூட்டருக்குள் பொதிந்த இத்தகைய வழங்கியே. குறைந்த நினைவகமே கொண்ட அக்கருவிகளுக்கு ஏற்ற போவா என்னும் சிறு வழங்கியின் மேம்பாடு 2005இலேயே கைவிடப்பட்டும், கருவி தயாரிப்பாளர்கள் அதை விடாமல் பயன்படுத்திவந்தனர். இந்திய மின்கட்டமைப்பின் மீதான ஊடுருவல்கள் குறித்து 2022 ஏப்ரலில் வெளியான அறிக்கையைத் தொடர்ந்து ஆராய்ந்த மைக்ரோசாஃப்ட், அவற்றோடு தொடர்புடைய கருவிகளின் பலவீனமான கூறாக போவாவைச் சுட்டியதோடு, இணையத்துக்கு வெளிப்பட்ட போவா கூறுகள் ஒரே வாரத்தில் உலகெங்கும் 10 லட்சத்துக்கும் மேல் தென்பட்டதாக அவ்வாண்டு நவம்பரில் தெரிவித்தது.

உள்ளே இருப்பதே தெரியாத ஒன்றை யாரும் புதுப்பிப்பதில்லை. ஆகவே 9000 என்னும் கதவைத் திறந்துவைத்த அலுவலகம், அது உள்வலைப்பின்னலுக்கு மட்டும் திறந்திருக்குமாறு ஃபயர்வாலில் அமைத்து, இணைப்பு தேவைப்படாதபோது அந்த அமைப்பை நிறுத்திவைப்பதே முறை.