தொட்டியில் ஒரு குட்டை துஜா



கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் குடியிருக்கிறீர்களா? வாசலில் இரண்டடி இடம் இருந்தாலே போதும், துஜா வளர்க்கலாம். சீனாவையும் கொரியாவையும் தாயகமாகக் கொண்ட ஊசியிலைத் தாவரம் இது. இதன் தூரத்து உறவான தேவதாரு மலைக்குளிரைத் தேடும். துஜாவோ திருவள்ளூர் வெயிலையும் தாங்கும். செதில் செதிலான இலைகள் விசிறிபோல் நிமிர்ந்து, ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும்.

செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

லாரிப் புழுதி இலையிடுக்கில் படியும். வாரம் ஒருமுறை காலையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். செஞ்சிலந்தித் தொல்லையும் குறையும். கவாத்து செய்யும்போது பச்சை நுனியை மட்டும் வெட்டுங்கள். இலையில்லாத பழைய கட்டைவரை வெட்டினால் அந்த இடம் மறுபடி துளிர்க்காது.

முக்கியமாக, நர்சரியில் குட்டை ரகம்தானா என்று கேட்டு வாங்குங்கள். அதுதான் மெதுவாக வளர்ந்து, பல ஆண்டுகள் தொட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கும். மற்றது மரமாகிவிடும்.