வற்றிய ஆற்றில் டிரவுட்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கேட்ஸ்கில் மலைகளில் பிறந்து டெலவேர் ஆற்றின் கிழக்குக் கிளையில் கலக்கிறது பீவர்கில். செயற்கை ஈயைத் தூண்டிலில் கட்டி டிரவுட் மீன் பிடிக்கும் கலை அமெரிக்காவில் வேரூன்றிய ஆறுகளில் இது முதன்மையானது. ரோஸ்கோ என்ற சிற்றூரில் வில்லோவீமாக் ஆறு வந்து சேரும் மடுவில், ஏப்ரல் முதல் தேதி பருவம் தொடங்கும்போது தூண்டில்காரர்கள் கூடிவிடுவார்கள். பனி உருகிய தண்ணீர் அப்போது நிறைந்து ஓடும். செப்டம்பரில் அதே ஆறு பல இடங்களில் முழங்காலைக்கூடத் தொடாது. பாறைகள் வெளியே தெரியும்; ஓட்டம் தளர்ந்திருக்கும்; அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம். ஒருவரின் தேர்ச்சியை ஆறு உண்மையில் சோதிப்பது இந்த நாட்களில்தான்.

பீவர்கில்லின் குறுக்கே பெரிய நீர்த்தேக்கம் எதுவும் இல்லை. பக்கத்தில் உள்ள டெலவேரின் மேற்குக் கிளையில் கேனன்ஸ்வில் அணை இருக்கிறது. நியூயார்க் நகரின் குடிநீருக்காகக் கட்டப்பட்ட அந்த அணையின் அடிமட்டத்திலிருந்து கோடையிலும் குளிர்ந்த நீர் வெளியேறும். பீவர்கில்லுக்கு மழையும் மலை ஊற்றும்தான் கதி. கோடை முழுவதும் பள்ளத்தாக்கின் காடுகள் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி இலைவழியே ஆவியாக்கிவிடுவதால், செப்டம்பர் வாக்கில் ஆறு மிகவும் இளைத்துப்போகிறது. அக்டோபரில் மேப்பிள் மரங்கள் இலை உதிர்த்ததும் அந்த உறிஞ்சல் நின்று, பெரிய மழை இல்லாமலேகூட ஓட்டம் சற்றே கூடும்.

இந்த ஆற்றின் பூர்வீக மீன் புரூக் டிரவுட். குளிர்ந்த, நிழல் படர்ந்த நீர்தான் அதற்குச் சரிப்படும். 19ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடும் கூடங்கள், பட்டைக்காக ஹெம்லாக் மரங்களை மலைமலையாக வெட்டிச் சாய்த்தன. கழிவு ஆற்றில் கலந்தது, கரையில் நிழல் போனது, தண்ணீர் சூடேறியது. புரூக் டிரவுட் மேல்மலை ஓடைகளுக்குள் ஒதுங்கியது. 1883இல் ஜெர்மனியிலிருந்து பழுப்பு டிரவுட்டின் சினை நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தது. கொஞ்சம் கூடுதல் வெப்பத்தைத் தாங்கும் அந்த இனம் கேட்ஸ்கில் ஆறுகளில் நிலைத்துவிட்டது. நீலகிரியில் அவலாஞ்சி பண்ணையின் வழியாக எச்.சி. வில்சன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைகொள்ளச் செய்த டிரவுட் வேறு இனம். அது வானவில் டிரவுட். பழுப்பு டிரவுட் அதைவிடச் சந்தேகம் மிகுந்தது. மிதந்து வரும் ஈயின் அடியில் மூக்கு உரசும் தூரம்வரை வந்து, பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் இறங்கிப்போய்விடும்.

இந்தச் சந்தேகத்தை வெல்ல, தண்ணீருக்குள்ளிருந்து மீன் எதைப் பார்க்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். ஒளி நீரில் நுழையும்போது வளைவதால், வெளியுலகம் முழுவதும் மீனின் தலைக்கு மேலே ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கிவிடுகிறது. அதன் கோணம் சுமார் 97 பாகை. அரை மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டத்தின் அகலம் ஏறத்தாழ 1.1 மீட்டர். வட்டத்துக்கு அப்பால் நீரின் மேற்பரப்பில் ஆற்றின் அடித்தளமே பிரதிபலித்துத் தெரியும். நீர்மட்டத்திலிருந்து 10 பாகைக்கும் கீழே இருக்கும் பொருள்கள் வட்டத்தின் ஓரத்தில் நசுங்கி, கண்டுகொள்ள முடியாதபடி மங்கிவிடுகின்றன. ஆகவே 1.8 மீட்டர் உயரமுள்ளவர் நீரோரம் நிமிர்ந்து நின்றால், மீன் கண்ணில் படாதிருக்கக் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மண்டியிட்டால் 7 மீட்டர் வரை நெருங்கலாம். வசந்தத்தில் கலங்கலும் அலையும் மனிதரை மறைத்துவிடும். செப்டம்பரின் தெளிந்த மடுவில் அந்தத் திரை இல்லை. எந்த ஈயைக் கட்டுவது என்ற விவாதம் முடிவில்லாமல் நடக்கும். ஆனால் வற்றிய ஆற்றில் வெறுங்கையோடு திரும்புபவர்களில் பெரும்பாலோர் ஈயால் தோற்றவர்கள் அல்லர், நடையால் தோற்றவர்கள்.

டிரவுட் ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கித் தலைவைத்து நிற்கும். எனவே நெருங்க வேண்டியது கீழிருந்து, மீனுக்குப் பின்னாலிருந்து. காலடியில் இரண்டு கற்கள் உரசினாலும் அந்த அதிர்வை மீன் தன் விலாக்கோட்டால் உணர்ந்துவிடும். வேகமாகக் காலெடுத்து வைத்தால் எழும் வளைய அலைகள் மடு முழுவதும் பரவும். ஒரு மீன் மிரண்டு ஓடினால் மற்றவையும் அடங்கிவிடும். தண்ணீரில் இறங்காமலே வீச முடிந்தால் இறங்காமல் இருப்பதே மேல். சலசலத்து ஓடும் துறைகளின் நிலை வேறு. அங்கே மேற்பரப்பு உடைந்திருப்பதால் மீனின் சாளரமும் கலைந்துவிடும். இன்னும் கிட்டப் போகலாம். புதிதாகப் பழகுபவர்கள் செப்டம்பரில் மடுவை விட்டு அந்தத் துறைகளில் தொடங்குவது நல்லது.

பத்து நிமிடம் கரையில் உட்கார்ந்து பார்த்தால், எங்கே மீன் மேலெழுந்து இரை எடுக்கிறது என்பது புலப்படும். நீரில் தோன்றும் வளையத்தைக் குறிவைத்து அங்கேயே ஈயைப் போடுவது வழக்கமான தவறு. பூச்சியைக் கண்டதும் மீன் தன் இடத்திலிருந்து மெல்ல எழும்பி, அதனோடு கொஞ்ச தூரம் கீழ்நோக்கி நழுவி, அப்புறம்தான் விழுங்குகிறது. விழுங்கியதும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அதாவது வளையம் தெரிந்த இடத்துக்கு மேலே, சில சமயம் ஒரு மீட்டருக்கும் மேலே, மீன் நிற்கிறது. ஈ விழ வேண்டியது அதற்கும் மேலே.

தூண்டில் கருவிகளும் இந்தப் பருவத்துக்கு ஏற்ப மெலிய வேண்டும். எறிவதற்கு எடை தருவது தடித்த, பிளாஸ்டிக் பூச்சுள்ள கயிறு. அதன் முனையில் படிப்படியாக மெலியும் நரம்பு. அதன் நுனியில் ஈ. வசந்தத்தில் 9 அடி நரம்பு போதும். வற்றிய ஆற்றில் 12 அடி முதல் 15 அடி வரை நீட்டுவார்கள். தடித்த கயிறு தொப்பென்று விழும் இடம் மீனிலிருந்து அவ்வளவு விலகியிருக்க வேண்டும். நுனி நரம்பு 6எக்ஸ் அல்லது 7எக்ஸ். 6எக்ஸ் நரம்பின் தடிமன் சுமார் 0.13 மில்லிமீட்டர், 7எக்ஸ் சுமார் 0.10 மில்லிமீட்டர். இத்தனை மெல்லிய நரம்பில் பெரிய மீன் சிக்கினால் வெட்டி இழுக்க முடியாது. ரீலைத் தளர்வாக வைத்து, மீன் ஓடும்போது ஓடவிட்டு, தயங்கும்போது சுற்ற வேண்டும்.

மிதக்கும் ஈக்கு இந்த மலைகளில் தனி வரலாறு உண்டு. இங்கிலாந்தின் மெதுவாக ஓடும் சுண்ணாம்பு ஆறுகளுக்காக ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு வகுத்த ஈக்களின் மாதிரிகளை, 1890இல் கேட்ஸ்கில் தூண்டில்காரர் தியோடர் கார்டன் அவரிடமிருந்து கடிதத்தோடு பெற்றார். கேட்ஸ்கில்லின் துள்ளி ஓடும் தண்ணீரில் அவை நிலைக்காது என்று கண்டு, சேவல் கழுத்தின் விறைப்பான இறகைச் சுற்றி, உடலை ஒல்லியாக்கி, உள்ளூர்ப் பூச்சிகளின் சாயலில் தாமே ஈக்கள் கட்டினார். அவர் பெயரைத் தாங்கிய குவில் கார்டன் இன்றும் பெட்டிகளில் இருக்கிறது. அது வசந்தத்தின் ஈ. இலையுதிர் காலத்துக்கு வேறு வேண்டும்.

மேகம் மூடிய பிற்பகல்களில் நீல இறகு ஆலிவ் என்ற சின்னஞ்சிறு மேஃப்ளைப் பூச்சிகள் நீரிலிருந்து எழும். அவற்றைப் போலக் கட்ட 18 முதல் 22 எண் வரையுள்ள கொக்கிகள் தேவை. எண் கூடக்கூடக் கொக்கி சிறியது. வெயில் ஏறிய நாட்களில் சிறகு முளைத்த எறும்புகள் கூட்டமாக ஆற்றில் விழும். அப்போது எறும்பு ஈயைத் தவிர வேறெதையும் மீன்கள் சட்டை செய்யாத நேரங்கள் உண்டு. ஐசோனிக்கியா என்ற பெரிய, கருஞ்சாம்பல் மேஃப்ளையின் இளம்புழு நன்றாக நீந்தக்கூடியது. கரையோரக் கல்லில் ஏறி, தோலை உரித்துப் பறந்துபோகும். வற்றிய ஆற்றில் அந்தக் கற்கள் வெளியே நிற்பதால், முதுகு பிளந்து காய்ந்த தோல்கள் ஒட்டியிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். மீன் எதைத் தின்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சரியான ஈ, சரியான இடத்தில் விழுந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. ஆற்றின் நடுவில் ஓட்டம் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் இருக்கும். நடுவில் விழுந்த கயிறு ஈயை இழுத்துக்கொண்டு போகும். ஈயின் பின்னால் மெல்லிய கோடு விழும். நிஜப் பூச்சி அப்படிப் போகாது என்பது மீனுக்குத் தெரியும். இதைத் தவிர்க்க, கயிறு காற்றில் விரியும்போதே கம்பை மேலோட்டப் பக்கம் சாய்த்து, நரம்பு நெளிநெளியாகத் தளர்ந்து விழும்படி வீசுவார்கள். அந்தத் தளர்ச்சி இறுகும்வரை கிடைக்கும் இரண்டு மூன்று விநாடிகள்தான் வாய்ப்பு. அக்டோபரில் மிதந்து வரும் இலைகள் கொக்கியில் மாட்டி அதையும் கெடுக்கும்.

மெலிந்த ஆறு பகலில் சீக்கிரம் சூடேறும், இரவில் சீக்கிரம் குளிரும். 10 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். 20 பாகையில் சுமார் 9 மில்லிகிராம்தான். 20 பாகையைத் தாண்டிய நீரில் போராடிக் களைத்த டிரவுட், விட்டுவிட்டாலும் பிழைப்பது சந்தேகம். அதனால் சட்டைப்பையில் வெப்பமானி வைத்திருப்பதும், அந்த அளவைத் தொட்டதும் தூண்டிலைச் சுருட்டிவிடுவதும் இங்கே மரியாதையான பழக்கம். பிடித்த மீனை ஈரக் கையால், நீரிலேயே வைத்து, எதிர்முள் இல்லாத கொக்கியைக் கழற்றி விடுவார்கள். 2022 முதல் நியூயார்க் மாநிலத்தின் டிரவுட் ஓடைகளில் அக்டோபர் 16 தொடங்கி மார்ச் 31 வரை செயற்கை இரை மட்டுமே பயன்படுத்தலாம். பிடித்த மீனை விட்டுவிட வேண்டும்.

இந்த விதியின் காலத்தோடு சேர்ந்தே சினைப்பருவமும் வருகிறது. அக்டோபர், நவம்பரில் பழுப்பு டிரவுட் முட்டையிடுகிறது. பெண்மீன் மடுவின் கீழ்முனையில், ஓட்டம் சீராக உள்ள சரளைப் பரப்பில் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்துப் பள்ளம் பறிக்கும். முட்டையிட்டதும் மேலிருந்து சரளையைத் தள்ளி மூடிவிடும். பாசி நீங்கிய கற்கள் புரண்டு கிடப்பதால் அந்த இடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிட வெளிறித் தெரியும். அதன்மேல் நிற்கும் மீன்களுக்குத் தூண்டில் வீசுவதை நல்ல மீன்பிடிப்பாளர்கள் செய்வதில்லை. முட்டைகள் குளிர்காலம் முழுவதும் கற்களுக்கிடையே கிடந்து பொரிந்து, குஞ்சுகள் வசந்தத்தில்தான் வெளிவரும். அதுவரை அந்த வெளிறிய சரளையில் ஒரு காலடி பட்டாலும் உள்ளே முட்டைகள் நசுங்கும். ஆற்றைக் கடக்க வேண்டியவர்கள் அதை விட்டு விலகி, பெரிய கற்கள் கிடக்கும் இடமாகப் பார்த்துக் கடக்க வேண்டும்.