வாசிக்கவும் எழுதவும் சிரமப்படும் பிள்ளைக்குத் தனிப்பட்ட உதவி

எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் வாசிக்கக் கற்பதில்லை. எனினும், “வளர வளரச் சரியாகிவிடும்” என்று காத்திருந்தால், உதவி எளிதாகப் பயன்தரும் காலம் கடந்துவிடலாம். இங்கிலாந்தின் அரச பாடசாலைகளில் இத்தகைய பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட உதவி இலவசமாக வழங்கப்படுகிறது. அதனைக் கேட்பதற்கு மருத்துவச் சான்றிதழோ, டிஸ்லெக்சியா இருப்பதாக உறுதிசெய்யும் அறிக்கையோ தேவையில்லை.

முதலாம் ஆண்டுப் பரிசோதனை

முதலாம் ஆண்டு மாணவர்கள் ஜூன் மாதத்தில் 40 சொற்களை ஆசிரியரிடம் வாசித்துக் காட்டுவர். அவற்றுள் 20 சொற்கள் பொருளற்றவை. பிள்ளை மனப்பாடமாகச் சொல்லாமல், எழுத்துகளின் ஒலிகளைக் கூட்டி வாசிக்கிறதா என்பதை அறியவே அவை சேர்க்கப்பட்டுள்ளன. எதிர்பார்க்கும் நிலையை எட்டாத பிள்ளை இரண்டாம் ஆண்டில் இப்பரிசோதனையை மீண்டும் செய்யும். அதுவரை என்ன உதவி வழங்கப்படும் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

வீட்டில் தமிழ் பேசுவது காரணமா?

இல்லை. வீட்டில் வேறு மொழி பேசப்படுகிறது என்பதை மட்டும் கொண்டு ஒரு பிள்ளைக்குக் கற்றல் இடர்பாடு உள்ளதாகக் கருதக்கூடாது என்பதே சட்டம். அதேவேளை, “ஆங்கிலம் பழகினால் சரியாகும்” என்று உண்மையான இடர்பாட்டைக் கவனிக்காமல் விடுவதும் தவறாகும். தமிழிலும் சொற்களை நினைவிற் கொள்ளவும், ஒலிகளைப் பிரித்தறியவும் பிள்ளை சிரமப்படுமாயின், அதனை ஆசிரியரிடம் தெரிவியுங்கள். உங்களைத் தவிர வேறெவரும் அதை அறிந்திருக்க மாட்டார்கள்.

உதவி எவ்வாறு அமையும்?

ஒவ்வொரு பாடசாலையிலும் விசேட கல்வித் தேவைகளுக்கான இணைப்பாளர் ஒருவர் உள்ளார். அவரைச் ‘சென்கோ’ என்று அழைப்பர். பிள்ளைக்கு எது கடினமாக உள்ளது என்பதை அவரும் வகுப்பாசிரியரும் மதிப்பிட்டு, திட்டமிட்டு, உதவி வழங்கி, அதன் பயனை மீளாய்வு செய்வர். சிறு குழுவாகவோ தனியாகவோ வாசிப்புப் பயிற்சி அளிக்கப்படலாம். எழுதச் சிரமப்படும் பிள்ளைக்குக் கணினியில் தட்டச்சு செய்ய இடமளிக்கப்படலாம். பாடசாலை உங்களை ஆண்டுக்கு மூன்று முறையேனும் சந்தித்து முன்னேற்றத்தைப் பேச வேண்டும். உரைபெயர்ப்பாளர் தேவையெனில் முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பதைத் தவிருங்கள்.

இவ்வுதவி போதாதவிடத்து, கல்வி, சுகாதார, பராமரிப்புத் தேவை மதிப்பீட்டை உள்ளூராட்சி மன்றத்திடம் பெற்றோரே நேரடியாகக் கோரலாம். மதிப்பீடு செய்வதா என்பதை மன்றம் ஆறு வாரங்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுக்கப்பட்டால் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு.

வீட்டில் செய்யக்கூடியவை

• பார்வையையும் செவிப்புலனையும் பரிசோதியுங்கள். 16 வயதுக்குட்பட்டோருக்குக் கண் பரிசோதனை இலவசம்.
• எழுத்தின் பெயரை அல்ல, ஒலியைச் சொல்லிக்கொடுங்கள். ‘டி, ஓ, ஜி’ என்பதைவிட ‘ட் – ஒ – க்’ என்று கூட்டினால் ‘டொக்’ என்ற சொல் பிள்ளைக்கு எளிதில் புலப்படும்.
• நாள்தோறும் பத்து நிமிடம் சேர்ந்து வாசியுங்கள். தமிழில் கதை சொல்வதும் சொல்வளத்தையும் கேட்டறியும் ஆற்றலையும் வளர்க்கும்.
• உடன்பிறந்தோருடனும் உறவினர் பிள்ளைகளுடனும் ஒப்பிடாதீர்கள். வாசிப்பில் சிரமம் என்பது அறிவுக் குறைவன்று, சோம்பலுமன்று.

ஆலோசனை

விசேட கல்வித் தேவைகள் தொடர்பாகப் பெற்றோருக்கு ஆலோசனை வழங்கும் சேவை ஒவ்வொரு உள்ளூராட்சிப் பகுதியிலும் உண்டு. அது இலவசமானது; பக்கச்சார்பற்றது; நீங்கள் கூறுபவை இரகசியமாகப் பேணப்படும். கடிதங்களை விளங்கிக்கொள்ளவும், பாடசாலைச் சந்திப்புக்கு ஆயத்தமாகவும் அவர்கள் உதவுவர். தயங்காது தொடர்புகொள்ளுங்கள்.