வேனிலும் தறிவீடும்

சித்திரை பிறந்துவிட்டால் தறியில் அமர்வோர்க்கு இரண்டு வேலைகள் ஏற்படுகின்றன. ஒன்று நெய்வது, மற்றொன்று வெப்பத்தைப் பொறுப்பது. இரண்டாவதற்குக் கூலி கிடையாது.

கடந்த கோடையில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். அன்று நிர்வாகக் குழுவின் முன் ஒரு கடன் விண்ணப்பம் இருந்தது. பாட்டனார் காலத்து நாட்டோட்டு வீட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட வேண்டுமென்று ஓர் அங்கத்தினர் கேட்டிருந்தார். ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. குரங்குகள் ஓட்டைத் தள்ளி உடைக்கின்றன. மழை ஒழுகிப் பாவு நனைகிறது. அவர் கூறிய காரணங்கள் யாவும் மெய்யே.

அதே தெருவில் மூன்று ஆண்டுகளுக்கு முன் அவ்வாறே தளம் போட்டுக்கொண்ட இன்னொரு வீட்டையும் பார்த்தோம். அங்கே தறியில் அமர்ந்திருந்த அம்மையார், "முன்பெல்லாம் உச்சிப் பொழுது வரை நெய்வேன், ஐயா. இப்போது பத்து மணிக்கே எழுந்துவிடுகிறேன். இரவிலும் உறக்கமில்லை" என்றார். ஒழுகல் நின்றது, உழைக்கும் நேரமும் குறைந்தது. கடனின் தவணை மட்டும் குறையவில்லை.

இதன் காரணத்தை அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம். நாட்டோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால் அவற்றினிடையே காற்று புழங்குகிறது. மேலெழும் வெப்பக் காற்று இடுக்குகள் வழியே வெளியேறுகிறது. கதிரவன் சாய்ந்ததும் ஓடு விரைவில் ஆறிவிடுகிறது. கான்கிரீட் தளமோ பகல் முழுதும் வெப்பத்தை உண்டு, இரவில் அதனை வீட்டினுள் உமிழ்கிறது. காற்று மிக வறண்டால் பருத்தி இழையும் வலுவிழக்கும். பாவிழை அறுந்து அறுந்து பிணைப்பதிலேயே பொழுது கழியும். முன்னோர் தறியைக் குழியில் அமைத்ததற்கு மண்ணின் குளிர்ச்சியும் ஈரமும் துணையாக நின்றன.

ஆகவே பழைய வீட்டைக் குளிர்விக்க எண்ணுவோர் முதலில் உள்ளதைப் பேணவும், பின்னர் அதனைத் திருத்தவும், இறுதியாகவே இயந்திரம் வாங்கவும் வேண்டும்.

ஓட்டு வீட்டை ஆண்டுக்கொரு முறை, மழைக்கு முன் பிரித்து அடுக்குதல் அவசியம். அப்போதே கைமரங்களில் கரையான் உள்ளதா என்று தட்டிப் பார்க்கவேண்டும். முற்றத்தைத் தகரமிட்டு மூடி ஓர் அறையைச் சேர்ப்பதால் இடம் கிடைக்கும்; ஆனால் வெப்பக் காற்று வெளியேறும் வழி அடைபடும். சுவரின் மேற்புறத்திலுள்ள சிறு சாளரங்களை அடைக்கலாகாது. மேற்குச் சுவருக்குப் பந்தலோ, தாழ்வாரமோ, ஒரு முருங்கையோ நிழல் தருமாறு செய்தல் நன்று.

செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய மெத்தை வீடுகளும் பல ஊர்களில் உள்ளன. அவற்றின் வெடிப்புகளைச் சிமெண்டால் பூசுவது தவறு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியிடும். சிமெண்டு அதனை உள்ளே அடைக்கும். நாளடைவில் உத்திரம் உளுத்துப்போகும். சுண்ணாம்பு வேலையைச் சுண்ணாம்பாலேயே செப்பனிட வேண்டும்.

கான்கிரீட் தளம் ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. தளத்தின்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இட்டுத் தட்டோடு பதித்தால் வெப்பம் இறங்குவது தாமதமாகும். அதற்கு வசதியில்லையெனில் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பை இருமுறை பூசினாலும் போதும். வெண்மை கதிரவன் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வீட்டினுள் சில பாகை வெப்பம் தணியும். மழை கரைத்துவிடுமாதலால் ஆண்டுதோறும் பூச வேண்டும். அகமதாபாத் நகரில் 2017-ஆம் ஆண்டு முதலும், தெலங்கானாவில் 2023-ஆம் ஆண்டின் கொள்கை வாயிலாகவும் இம்முறை ஊக்குவிக்கப்பட்டு வருகிறது. தகரக் கூரையில் சுண்ணாம்பு நிலைக்காது. அதற்கு வெள்ளை வர்ணமே ஏற்றது. கல்நார்த் தகடுகளை அறுப்பதும் துளையிடுவதும் கூடாது. அத்தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

இனி மின்விசிறி. மெதுவாகச் சுழலும் விசிறியை விற்றுவிடுமுன் அதன் கண்டன்சரை மாற்றிப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் பழுது அதிலேயே இருக்கும். பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும். பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை ஏறத்தாழ 30 வாட்டே கொள்ளும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால், 60 நாட்களில் முன்னதற்கு 54 யூனிட், பின்னதற்கு 22 யூனிட்டுக்கும் குறைவு. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது: விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை உலர்த்தி உடலையே குளிர்விக்கிறது. அறையின் வெப்பம் 40 பாகையைக் கடந்தால் அது அனற்காற்றையே வீசும். அப்பொழுது தறியை விட்டு எழுவதும், நீர் அருந்துவதும், நிழல் நாடுவதுமே தக்கன. பாவின்மேல் நேராகக் காற்றுப் படாதவாறு விசிறியை அமைப்பதும் வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியைப் பற்றியும் கேட்கிறார்கள். இடுக்குகள் நிறைந்த ஓட்டு வீட்டில் அது தெருவைக் குளிர்விக்கும், கட்டணத்தை உயர்த்தும். மூடிய ஓர் அறை இருந்தாலன்றி அதனை நாம் பரிந்துரையோம். நீர் ஊற்றும் ஏர்கூலர், காற்று வறண்ட உள்நாட்டு ஊர்களில் பயன்தரும். கடற்கரை ஊர்களில் அதனால் பயன் குறைவு. எதை வாங்கினும் முதலில் பழைய மின்கம்பிகளைச் சோதித்து, எர்த் இணைப்பும், மின்கசிவு கண்டதும் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் பொருத்துக. ஈரக் குழியில் வெறுங்காலுடன் அமர்வோர்க்கு மின்கசிவு உயிருக்கே உலையாகும்.

பயிரிடும் அங்கத்தினர்க்கும் இவை பொருந்தும். விதை வைக்கும் அறை வெப்பமுற்றால் முளைப்புத் திறன் கெடும். தொழுவம் காய்ந்தால் பால் குறையும்.

தமிழ்நாட்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு 2024-ஆம் ஆண்டில் அறிவித்தது. பேரிடர் என்றபின் தனித்தனியே போராடுவது கூட்டுறவாளர்க்கு அழகன்று. ஓடு மாற்ற ஒருவருக்கு ஆள் கிடைக்காதிருக்கலாம். ஒரு தெருவே சேர்ந்து பத்து நாள் வேலை தருவதாயின் ஆள் வருவார். ஓடும் சுண்ணாம்பும் மொத்தமாக வாங்கினால் வண்டிக்கூலி மிஞ்சும். பெருங்கடன் கேட்பவரிடம், சிறு செலவில் திருத்த இயலுமா என்று முதலில் வினவுவதும் நிர்வாகக் குழுவின் கடமையே.

மேற்கூறிய அங்கத்தினர் இரு நாட்கள் யோசித்தார். முன்கட்டுக்கு மட்டும் தளம் போடவும், தறிக்கட்டை ஓட்டிலேயே நிறுத்திக் கைமரம் மாற்றவும் முடிவு செய்தார். அவர் கேட்ட கடன் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தத் தறிக்கட்டில் அவர் மனைவியும் மகளும் நெய்கிறார்கள். உச்சிப் பொழுது வரை அவர்கள் அமர முடியுமானால், அத்தவணையைத் தறியே கட்டிவிடும்.