தெருவிளக்கில் தொடங்கும் கணக்கு

"கார்பனைக் குறைக்கிறது டெல்லியில இருக்கிறவங்க வேலைதானே சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாதி உண்மை என்றேன். மீதிப் பாதியை விளக்கத்தான் ஒரு பாடவேளை ஆனது.

காரைக்காலையே எடுத்துக்கொண்டோம். திருமலைராயன்பட்டினம் பகுதியில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் உள்ளது. வெளியிலிருந்து வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் பிறப்பது. எதை எரிப்பது என்பதை நகராட்சியோ கொம்யூன் பஞ்சாயத்தோ தீர்மானிக்க முடியாது. 2070-இல் நிகர பூஜ்யம் என்ற இலக்கும் மத்திய அரசு அறிவித்ததே. ஆனால் அந்த மின்சாரம் செலவாகும் இடங்களான தெருவிளக்கு, குடிநீர் மோட்டார், பள்ளிக் கட்டடம் எல்லாம் நம் ஊரில்தான் இருக்கின்றன.

பிரதமரின் சூர்ய கர் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். 2024 பிப்ரவரியில் தொடங்கியது. வீட்டு மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு அமைத்தால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. போகும் மின்சாரத்தையும் வரும் மின்சாரத்தையும் அளக்கும் மீட்டரைப் புதுச்சேரி மின்துறை பொருத்த வேண்டும். மக்களிடம் எடுத்துச்சொல்லும் உள்ளாட்சிக்கு, அமைக்கப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. இம்மூன்றில் ஒன்று தாமதித்தாலும் மாடி காலியாகவே கிடக்கும்.

உள்ளாட்சி தானே முன்வந்த கதையும் உண்டு. கோயம்புத்தூர் மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, தன் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து, 2006-இல் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. அப்படித் துணிந்து கடன் வாங்க, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வேண்டும். எங்கள் பகுதியில் 2006-இல் தேர்வான மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தபின் பல ஆண்டுகள் அதிகாரிகளே நிர்வகித்தார்கள். இதையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லலாம், குடிமையியல் பாடம்தானே!

கரும்பலகையில் ஒரு கணக்கும் போட்டோம். ஒரு தெருவில் 14 விளக்குகள். 40 வாட் குழல் விளக்குக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. இரவுக்கு 11 மணி நேரம் எரிந்தால் மிச்சம் சுமார் 3 யூனிட், ஆண்டுக்குச் சுமார் 1,100 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, ஒரே தெருவில் ஆண்டுக்கு 770 கிலோ குறைகிறது. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மத்திய அரசுத் தரப்பு மொத்தமாகக் கொள்முதல் செய்ததால்தான் எல்.இ.டி. பல்பின் விலை இறங்கியது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மறுநாள் அந்த மாணவி தன் தெருவிளக்குகளை எண்ணிக்கொண்டு வந்தாள்: மொத்தம் 17, அதில் 6 இன்னும் குழல் விளக்கு.