பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் முரண்டு பிடித்தால்



மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரமும், 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்கும் ஏற்றியாக வேண்டும். பேரேடும் சிட்டையும் அடுக்கி வைத்திருந்த மேசையில் இன்று லேப்டாப் உட்கார்ந்திருக்கிறது. அது ஒரு நாள் படுத்துக்கொண்டால் பில் போட முடியாது, பாக்கி பார்க்க முடியாது, லோடு அனுப்ப இ-வே பில் எடுக்க முடியாது. ஆகவே இந்தச் சங்கதியை நம் வணிகர்கள் ஓரளவாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறோம். நாங்கள் கணிப்பொறி படித்தவர்கள் அல்லர். பருப்பும் சர்க்கரையும் விற்பவர்கள். பட்டுத் தெரிந்துகொண்டதும் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இவை.

எங்கள் மண்டியில் ஒரு நாள் இரவு கணக்கு முடித்து மூடும்போது, அப்டேட் செய்து நிறுத்தலாமா என்று திரையில் வந்தது. கணக்கு எழுதும் தம்பி அதை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை திறந்தால் உள்ளே இருக்கும் விசிறி மாவு மில் போல இரைகிறது. சார்ஜரைச் சொருகினால் பேட்டரி ஏறவில்லை. டச்பேடில் விரலைத் தேய்த்தால் அம்புக்குறி அசையவில்லை. பழுது பார்ப்பவரை அழைத்தோம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மதர்போர்டு போயிருச்சு, மாத்தணும், 18,000 ஆகும்" என்றார்.

முந்தின நாள் இரவு ஒன்பது மணி வரை நன்றாக ஓடிய பொருளில், விசிறி, பேட்டரி, டச்பேடு மூன்றும் ஒரே இரவில் எப்படிக் கெடும் என்று எங்களுக்குச் சந்தேகம். உறவுக்காரப் பையன் ஒருவரிடம் போனில் கேட்டோம். "சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள் பெரியப்பா, அப்புறம் போட்டுப் பாருங்கள்" என்றார். அப்படியே செய்தோம். மூன்றும் சரியாகிவிட்டன. பழுது பார்த்தவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டோம். அவருக்கும் தெரிந்திருக்காது. தெரியாததற்கு 18,000 கொடுக்க இருந்தது நாங்கள்தான்.

நடந்தது என்ன என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். லேப்டாப்பின் மதர்போர்டில் சின்ன சிப் ஒன்றில் ஒரு புரோகிராம் நிரந்தரமாக எழுதி வைக்கப்பட்டிருக்கும். பயாஸ் என்பதும் ஃபர்ம்வேர் என்பதும் இதைத்தான். காலையில் முதலாளி வருமுன் கடைப்பையன் ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, தராசைத் துடைத்து வைப்பான் அல்லவா, அதுபோல விண்டோஸ் எழுந்து வருமுன் நினைவகம், தட்டச்சுப் பலகை, டிஸ்க் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து ஆயத்தப்படுத்துவது இதன் வேலை. இதைத் தவிர இன்னொரு குட்டிச் சிப்பும் உண்டு. விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றவேண்டும், பேட்டரியை எப்போது ஏற்றவேண்டும், பவர் பட்டன் அழுத்தப்பட்டதா என்பதை எல்லாம் அதுதான் கவனிக்கிறது. லேப்டாப்பை நிறுத்தினாலும் பேட்டரி இருக்கும்வரை அது முழுதாகத் தூங்குவதில்லை. பயாஸ் புதிதாகி, இந்தக் குட்டிச் சிப் பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் மேலே சொன்ன கோளாறுகள் வரும். மின்சாரம் முழுதும் வடிந்தால் அது பழையதை மறந்து புதிதாகத் தொடங்கும். எங்கள் மண்டியில் நடந்த வைத்தியம் இவ்வளவுதான்.

இந்த அப்டேட் நாம் கேட்காமலேயே ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். லேப்டாப் தயாரிப்பவர்கள் பயாஸ் அப்டேட்டையும் விண்டோஸ் அப்டேட் வழியாகவே அனுப்பிவிடுகிறார்கள். வேண்டாம் என்று ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது, ஏனென்றால் பெரும்பாலும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கத்தான் அவை வருகின்றன. கணிப்பொறியை ஆரம்ப காலத்திலேயே வாங்கிய நண்பர்களுக்கு 1999 ஏப்ரல் 26 நினைவிருக்கலாம். சி.ஐ.எச். என்ற வைரஸ் அன்று பல கணிப்பொறிகளில் பயாஸையே அழித்துவிட்டது. அதே சமயம், அனுப்புகிறவர்கள் தவறே செய்யமாட்டார்கள் என்றும் இல்லை. 2018 ஜனவரியில் பிராசஸர் ஓட்டையை அடைக்க வந்த அப்டேட்டால் கணிப்பொறிகள் தாமாக நின்று நின்று ஓடின. இன்டெல் நிறுவனமே ஜனவரி 22 அன்று, அதை இப்போது போடாதீர்கள் என்று அறிவிக்க வேண்டி வந்தது.

அப்டேட் நடக்கும்போது திரை கறுப்பாகிவிடும், விசிறி வேகமாகச் சுற்றும், இரண்டு மூன்று முறை தானாக நின்று எழும். இதைப் பார்த்துப் பயந்து பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்திவிடுகிறார்கள். மெய்யான சேதம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. சிப்பில் பாதி எழுதிய நிலையில் நின்றுவிட்டால், மறுபடி எழுப்ப வேண்டியதும் அதே சிப்தான். ஆகவே குறைந்தது அரை மணி நேரம் பொறுத்திருங்கள். சார்ஜர் சொருகியிருக்க வேண்டும், பேட்டரியிலும் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். பேட்டரி செத்துப்போன லேப்டாப்பை நேரே பிளக்கில் ஓட்டுகிற கடைகள் நம்மில் அநேகம். கரண்ட் கட் ஆகும் ஊரில் அந்த லேப்டாப்புக்கு யு.பி.எஸ். இல்லாமல் பயாஸ் அப்டேட் செய்யவே கூடாது.

அரை மணிக்கு மேலும் கறுப்பாகவே இருந்தால் சில லேப்டாப்புகளில் மீட்பு வழி உண்டு. எச்.பி. லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸ் பட்டனையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்திக்கொண்டு, பவர் பட்டனை இரண்டு மூன்று வினாடி அழுத்த வேண்டும். டெல் லேப்டாப்புகள் பலவற்றில் கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் அழுத்திக்கொண்டு சார்ஜரைச் சொருக வேண்டும். இதற்கும் அசையாவிட்டால், சிப்பில் பயாஸை நேரடியாக எழுதும் கருவி வைத்திருக்கும் கடையாகத் தேடிப் போங்கள். மதர்போர்டு மாற்றும் செலவில் சிறு பங்குதான் ஆகும்.

மின்சாரம் வடிக்கும் முறையைச் சற்று விவரமாகச் சொல்லிவிடுகிறோம். லேப்டாப்பை முழுதாக நிறுத்துங்கள். சார்ஜர், பிரின்டர், ஸ்கேனர், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுங்கள். பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் சொருகி ஓட்டிப் பாருங்கள். திங்க்பேட் போன்ற சிலவற்றில் அடிப்பக்கம் ஊசித் துளை ஒன்று இருக்கும். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, சார்ஜர் இல்லாத நிலையில் அதில் மெல்ல அழுத்தினால் உள்ளே இருக்கும் பேட்டரியின் தொடர்பு அறுந்து இதே பலன் கிடைக்கும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால், கோளாறு எந்தப் பக்கம் என்று நாமே கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. பழுது பார்ப்பவரிடம் போகுமுன் இதைச் செய்துவிட்டுப் போவது நல்லது. லேப்டாப் எழும்போதே ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தால் பயாஸ் திரை வரும். டெல், ஏசர், ஆசஸ் என்றால் பெரும்பாலும் எஃப் 2, எச்.பி.யில் எஃப் 10, திங்க்பேடில் எஃப் 1. அந்தத் திரையில் விண்டோஸ் கிடையாது. அங்கே தட்டச்சுப் பலகை வேலை செய்து விண்டோஸில் மட்டும் செய்யாவிட்டால் பொருள் நன்றாக இருக்கிறது, டிரைவர்தான் கெட்டிருக்கிறது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் நம் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை எடுத்துப் போட்டால் தீர்ந்தது. பயாஸ் திரையிலும் வேலை செய்யாவிட்டால்தான் உள்ளே திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். திரை தெரியவில்லை என்றால் கடையில் இருக்கும் டி.வி.யில் கேபிள் போட்டுப் பாருங்கள். டி.வி.யில் படம் வந்தால் மதர்போர்டு பிழைத்திருக்கிறது.

பேட்டரி 80 சதவீதத்தோடு நின்றுவிட்டது என்று ஒரு நண்பர் பதறினார். அது கோளாறே அல்ல. பேட்டரி நெடுநாள் உழைக்கட்டும் என்று அளவு கட்டும் வசதி. பயாஸிலோ கம்பெனியின் செயலியிலோ மாற்றிக்கொள்ளலாம். யு.எஸ்.பி. பிரின்டரோ டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ தெரியவில்லை என்றால் முதலில் வேறு துளையில் சொருகிப் பாருங்கள், பிறகு பயாஸில் அந்தத் துளை அடைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பயாஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோக ஒரு வசதி உண்டு. பல கோளாறு அதில் தீரும். ஆனால் அதைத் தொடுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். டிஸ்க் ஓடும் முறை ரெய்டு என்றோ ஏ.எச்.சி.ஐ. என்றோ இருக்கும். அது முன்பு இருந்ததிலிருந்து மாறிப்போனால் விண்டோஸ் எழாது. டிஸ்க் போய்விட்டது என்று சொல்லிப் புது டிஸ்க்கை விற்றுவிடுவார்கள். பழையபடி மாற்றினால் அதே டிஸ்க் ஓடும்.

இனிமேல் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எங்களிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடை நண்பர் ஒருவருக்கு, அப்டேட் முடிந்து லேப்டாப் எழுந்ததும் நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்டது. பிட்லாக்கர் மீட்பு எண் என்பார்கள். டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் விண்டோஸ் பூட்டி, சாவியை மதர்போர்டில் உள்ள டி.பி.எம். என்ற பகுதியிடம் கொடுத்து வைத்திருக்கிறது. பயாஸ் மாறியதைக் கண்டால் டி.பி.எம். யாரோ அந்நியர் கை வைத்துவிட்டார் என்று நினைத்துச் சாவியைத் தர மறுக்கும். அப்போது அந்த எண்ணை நாம் கொடுக்க வேண்டும். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் நாம் கேட்காமலேயே இந்தப் பூட்டு விழுந்துவிடுகிறது. எண், முதன்முதலில் அதில் நுழைந்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும்.

நண்பர் கடையில் முதலில் நுழைந்தவர், இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப்போன கணக்கர். அவரைத் தேடிப் பிடித்தார்கள். எந்த மின்னஞ்சல், என்ன பாஸ்வேர்டு என்று அவருக்கே நினைவில்லை. எண் இல்லாமல் அந்தப் பூட்டைத் திறக்க வேறு வழி இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டார்கள். பென் டிரைவில் இருந்த நகல் மூன்று மாதம் பழையது. கொள்முதல் பில்களை எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளிடம் நகல் வாங்கிச் சேர்த்துக்கொண்டார். கடன் பாக்கியை என்ன செய்வது? நண்பரும் அவர் வீட்டம்மாவும் நினைவிலிருந்து எழுதினார்கள். வாடிக்கையாளர்களில் சிலர் தாமாக வந்து, இவ்வளவு தரவேண்டும் அண்ணாச்சி என்று சொல்லிக் கொடுத்தார்கள். சிலர் வரவில்லை. அவர்களிடம் இன்னமும் நண்பர் எதுவும் கேட்கவில்லை, எந்த நோட்டைக் காட்டிக் கேட்பது என்கிறார்.

எண்ணைக் கையில் வைத்திராமல் மதர்போர்டு மாற்றச் சம்மதிக்கவே கூடாது என்பதும் இதனால்தான். மதர்போர்டோடு டி.பி.எம்.மும் போய்விடும். டிஸ்க் முழுசாக இருந்தும் திறக்காது. எங்கள் மண்டியில் அன்று 18,000 கொடுத்து மாற்றியிருந்தால் எங்கள் பேரேடும் நண்பரின் பேரேடு போன வழியே போயிருக்கும். அந்த எண் அப்போது எங்களிடமும் இல்லை.

இப்போது இருக்கிறது. கடையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, லேப்டாப்பை அந்தக் கணக்கில் மாற்றி, 48 இலக்கத்தையும் காகிதத்தில் எழுதி, தராசு முத்திரைச் சான்றிதழோடு இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம். எழுதியதும் திரையில் வரும் அடையாளக் குறியீட்டின் முதல் எட்டு எழுத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு லேப்டாப் உள்ள கடையில் எந்த எண் எதற்கு என்று குழப்பம் வராது. பயாஸ் அப்டேட்டை நாமாகப் போடும்போது பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க ஒரு வசதி இருக்கிறது. அதை அழுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நாளும் 10ஆம் தேதியாகவோ 19ஆம் தேதியாகவோ இருக்க வேண்டாம். நாங்கள் 21ஆம் தேதிக்குப் பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமையில், கணக்கை நகல் எடுத்து அந்தப் பென் டிரைவைக் கழற்றிய பிறகுதான் அப்டேட் போடுகிறோம்.